பாதிச் சம்பளமும் பழைய வரம்பும்

வக்கீலம்மா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வேலையில் இறந்துபோனவரின் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும், யார் தருவார்கள், யார் கைக்குப் போகும். அதனால் சொத்துத் தகராறுக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தார். 2024 செப்டம்பரில் சத்தீஸ்கரில் வேலை நடக்கும்போது இரும்பு ராடு சரிந்து தலையில் விழுந்து இறந்துவிட்டார். வயது 38. மாதம் 24,000 ரூபாய் சம்பளம், சாப்பாடு வண்டியிலேயே. இரண்டு பெண் குழந்தைகள். மாமனார் இல்லை, மாமியார் எங்களோடு இருக்கிறார். முதலாளி காரியத்தன்று வீட்டுக்கு வந்து 1 லட்சம் கொடுத்தார். இப்போது, ‘மொத்தம் 5 லட்சம், அவன் வாங்கின அட்வான்ஸ் 1,40,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடு’ என்கிறார். சொந்தக்காரர்கள் கிடைத்தவரை வாங்கிக்கொள் என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: போடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது 1923-ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு விபத்து நடந்தது அதற்கு முன்பு என்பதால் பழைய சட்டம்தான். மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, இறந்தவரின் வயதுக்கு நேராக அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்குவார்கள். 38 வயதுக்கு அந்த எண் 189.56. சம்பளம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆக 7,500 × 189.56 = 14,21,700 ரூபாய். முதலாளி சொல்லும் 5 லட்சம் இதில் பாதிகூட இல்லை.

இதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. உங்கள் தொகைக்கு ஒரு வருட வட்டியே 1,70,604 ரூபாய். வட்டியை விபத்து நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டாமல் இழுத்தடித்ததற்குச் சரியான காரணம் இல்லையென்றால், தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். ஈமச் செலவுக்குத் தனியாக 5,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். (சத்தீஸ்கரிலிருந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ்காரரிடம் இந்த 5,000-ஐ நீட்டிப் பார்த்திருக்க வேண்டும், சட்டம் எழுதியவர்கள்.)

அடுத்து அட்வான்ஸ். இழப்பீட்டுப் பணத்தில் எந்தக் கடனையும் ஈடுகட்டிக் கழிக்கக் கூடாது என்று ஒன்பதாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஜப்தியும் செய்ய முடியாது. முதலாளிக்கு அந்த 1,40,000 வர வேண்டியிருந்தால் அது வேறு வழக்கு, வேறு இடம்.

போர்வெல் வண்டி முதலாளிகள் பலர் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருப்பார்கள். இடது பக்கம் அட்வான்ஸ், வலது பக்கம் மாதச் சம்பளம், நடுவில் ஆளின் கையெழுத்து. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ‘ஒன்பதாயிரம்தான் சார்’ என்று இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் முன் சத்தியம் செய்வார்கள். அப்புறம் அட்வான்ஸைக் கழிக்க வேண்டுமே என்று அதே நோட்டைத் தாங்களே கொண்டுவந்து நீட்டுவார்கள். வலது பக்கத்தில் 24,000 என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கும். உங்கள் முதலாளியிடமும் அப்படி ஒன்று இருந்தால், அதைத் தாக்கல் செய்யச் சொல்லி உங்கள் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் வீட்டுக்காரர் உங்களுக்கு ஜிபேயில் அனுப்பிய பணம் வங்கிப் பாஸ்புக்கில் இருக்கும். வண்டியில் போட்ட சாப்பாட்டுக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சம்பளத்தோடு சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் 15,000-ஐத் தொட்டால் போதும், அதற்கு மேல் நிரூபித்துப் பயனில்லை.

பத்திரத்துக்கு வருவோம். மரண இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே அவர் கொடுத்த 1 லட்சத்தில் அதிகபட்சம் 72,000 ரூபாயைத்தான் ஆணையர் கழிப்பார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் பத்திரம் செல்லாது. அவசரத்தில் யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால்கூட வழக்குக்கு அது தடையில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஆட்டி ஆட்டிக் காட்டி இரண்டு வாய்தா வாங்குவார். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

மனுவுக்காகச் சத்தீஸ்கர் போக வேண்டியதில்லை. இறந்தவரை நம்பியிருந்தவர்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், அதாவது உங்கள் பகுதியைக் கவனிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில். இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு 2026 செப்டம்பரில் அது முடிகிறது. எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இந்தியில் இருக்கும், மொழிபெயர்ப்பு வாங்கிவிடுங்கள். வயதுக்கு அவருடைய பள்ளிச் சான்றிதழ் இருந்தால் நல்லது. வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசி நகலையும் கேட்டு மனுப் போடுங்கள். வேலையாட்களுக்கும் சேர்த்து பிரீமியம் கட்டியிருந்தால் இழப்பீடும் வட்டியும் கம்பெனி தலையில் விழும், அபராதம் மட்டும்தான் முதலாளியுடையது. ‘அவர் பாவம், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்’ என்று சொந்தக்காரர்கள் உருகுவதற்கு முன் இதைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரையும் மனுவில் சேர்க்க வேண்டும். விதவைத் தாய்க்கு, தனியாக எதையும் நிரூபிக்காமலே பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு என்று ஆணையர் பிரிப்பார். பெண் குழந்தைகளின் பங்கை வழக்கமாக வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து, பணம் கைக்கு வரவில்லையே என்று பதற வேண்டாம்.

கேள்வி: என் தம்பி ரைஸ் மில்லில் பெல்ட்டில் சிக்கி 2019 நவம்பரில் இறந்தான். அப்போது வயது 45. சம்பளம் 16,000. ஆணையர் இப்போதுதான் உத்தரவு போட்டிருக்கிறார். ஆனால் சம்பளத்தை 8,000 என்று வைத்து 6,77,760 ரூபாய்தான் கொடுத்திருக்கிறார். 2020-இலேயே 15,000 ஆக்கிவிட்டார்கள் என்று படித்தேன். உத்தரவு அதற்குப் பிறகுதானே வந்தது? மேல்முறையீடு செய்தால் தம்பி மனைவிக்குக் கூடுதலாகக் கிடைக்குமா?
– வாசகர், ஆரணி

பதில்: கிடைக்காது ஐயா. உத்தரவு எந்த வருடம் வந்தாலும் விபத்து நடந்த நாளில் எந்த வரம்பு இருந்ததோ அதுதான். உச்ச நீதிமன்றம் 1975-இலிருந்தே இதைச் சொல்லி வருகிறது. 2020-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2009-இல் வந்த சட்டத் திருத்தம் பழைய விபத்துகளுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது என்று மறுபடியும் உறுதி செய்துவிட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் எடுப்பார்கள், உங்களுடையது தீர்ந்துபோன பிரச்சினை. உத்தரவில் வட்டி போட்டிருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் பாருங்கள். அது விட்டுப்போயிருந்தால் அதற்காக 60 நாளுக்குள் போவதில் அர்த்தம் உண்டு.

சட்டப்படி பதில் முடிந்தது. ஆனால் இந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடாது, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

வரம்பு 15,000 ஆனது 2020 ஜனவரி 3-ஆம் தேதி அறிவிப்பால். 38 வயதில், ஒரே சம்பளத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜனவரி 2-ஆம் தேதி சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 7,58,240 ரூபாய். மற்றவர் மறுநாள் அதே சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் 14,21,700. இடையில் ஒரு ராத்திரி, வித்தியாசம் 6,63,460. எந்த உயர்வுக்கும் ஒரு தேதி வேண்டும்தான். ஆனால் தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இவ்வளவு பெரிய பள்ளம் விழுவதற்குக் காரணம், உயர்வை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு ஒரே தாவாகத் தாவுவதுதான்.

வரலாற்றைப் பாருங்கள். இந்த வரம்பு 1984-இல் 1,000 ரூபாய். 1995-இல் 2,000. 2000-இல் 4,000. 2010-இல் 8,000. பிறகு 2020-இல் 15,000. கடைசி மூன்றையும் பாருங்கள், பத்து வருடத்துக்கு ஒரு முறை விழித்து, ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார்கள். விழித்த வருடத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஓரளவு நியாயம். ஒன்பதாவது வருடத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஒன்பது வருடப் பழைய விலைவாசி. உங்கள் தம்பி மாட்டியது அங்கேதான். அவருக்கு ஒன்றரை மாதம் கழித்து விபத்து நடந்திருந்தால் 12,70,800 ரூபாய் ஆகியிருக்கும்.

மேலே திருச்செங்கோட்டு வாசகிக்குச் சொன்ன கணக்கையும் பாருங்கள். 2024-இல் 24,000 வாங்கியவரை 15,000 வாங்கியவராக நினைத்துக்கொண்டு, அதிலும் பாதியைத்தான் எடுக்கிறோம். வரம்பு மட்டும் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு 22,74,720 ரூபாய். எட்டரை லட்சம் ரூபாயை அந்த ஒரு வரம்பு தின்றுவிடுகிறது. அதே மனிதர் ரோட்டில் நடந்துபோகும்போது லாரி மோதி இறந்திருந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அவருடைய உண்மையான சம்பளத்தை எடுத்திருக்கும். 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கென்று அதோடு 40 சதவீதமாவது சேர்த்திருக்கும். ரோட்டில் போன உயிருக்கு ஒரு விலை, உழைக்கும் இடத்தில் போன உயிருக்கு வேறு விலை.

தானாக ஏறும் ஏற்பாடு செய்ய முடியாதா என்றால், தாராளமாக முடியும். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியில் அகவிலைப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் விலைவாசிப் புள்ளியைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. மோட்டார் விபத்து வழக்குகளில் ஈமச் செலவு போன்ற தலைப்புகளுக்கு 15,000, 40,000 என்று தொகை நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2017-இலேயே அவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் ஏற வேண்டும் என்றும் எழுதிவைத்தது. அங்கே 15,000-இல் தொடங்கி ஏறிக்கொண்டிருக்கும் அதே ஈமச் செலவுதான் நம் பழைய சட்டத்தில் 2010-இலிருந்து கடைசிவரை 5,000-ஆகவே இருந்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை, பாதிச் சம்பளமும் வயது எண்ணும் அப்படியே இருக்கின்றன. கணக்கில் எடுக்கும் சம்பளத்தை அறிவிக்கும் அதிகாரமும் மத்திய அரசிடமே. ‘அறிவிக்கலாம்’ என்று இருப்பதை ‘ஒவ்வொரு வருடமும் அறிவிக்க வேண்டும்’ என்று மாற்றினால் போதும், வேறெதுவும் வேண்டாம். உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்த்தால் இதைக் கேளுங்கள். சாலை போடச் சொல்லிக் கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஒரே மகன், 24 வயது, ஆறு பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் மின்சாரம் தாக்கி 2025 மார்ச்சில் இறந்துவிட்டான். மாதம் 12,000 சம்பளம். கல்யாணம் ஆகாத பையன், பெண்டாட்டி பிள்ளை இல்லை, யாருக்கு இழப்பீடு என்று பட்டறைக்காரர் கேட்கிறார். நானும் கூலி வேலை செய்கிறவன்தான். எனக்கு உரிமை இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். மனைவி, மைனர் மகன், கல்யாணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் உறவைக் காட்டினாலே போதும். அப்பாவும், கணவர் உயிரோடு இருக்கும் அம்மாவும் மகனை முழுதாகவோ ஓரளவுக்கோ நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். ‘ஓரளவு’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கூலிக்குப் போவதால் உரிமை போய்விடாது. மகன் மாதாமாதம் உங்கள் கணக்கில் போட்டது, வாடகை கட்டியது, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிய மருந்துக்கடை ரசீது, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

தொகை இதோ. 24 வயதுக்கான எண் 218.47. சம்பளம் வரம்புக்குள் இருப்பதால் அப்படியே எடுப்பார்கள். 6,000 × 218.47 = 13,10,820 ரூபாய். பட்டறைக்காரர் இதைத் தெரிந்துகொண்டுதான் ‘யாருக்கு’ என்று கேட்கிறார் என்பது என் சந்தேகம்.

கேள்வி: கணவர் கம்பெனியில் பிரஸ் மெஷின் விபத்தில் இறந்தார். இ.எஸ்.ஐ.யிலிருந்து எனக்கும் மகனுக்கும் மாதாமாதம் பணம் வருகிறது. இப்போது வீட்டில் மறுமணத்துக்குப் பார்க்கிறார்கள். பணம் நின்றுவிடுமா? மொத்தமாகக் கொடுக்கச் சொல்லி வழக்குப் போடலாமா?
– பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருந்தால் நான் மேலே சொன்ன மொத்தத் தொகை வழக்கைப் போட முடியாது, சட்டமே தடுக்கிறது. அங்கே வழி வேறு. சம்பளத்தில் 90 சதவீதத்தை முழுத் தொகையாக வைத்து மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. உங்கள் வீட்டில் இரண்டு பேர் என்பதால் முழுத் தொகையும் வருகிறது. விலைவாசியைப் பார்த்து அவ்வப்போது கூட்டவும் செய்கிறார்கள். அந்த வகையில் இது மேல்.

மறுமணம் செய்தால் உங்கள் மூன்று பங்கு நின்றுவிடும். மகனுக்கு உள்ளது அவனுடைய 25 வயது வரை நிற்காது. எனக்கு இந்த விதியில் உடன்பாடே இல்லை. மொத்தத் தொகை வாங்கும் விதவை மறுநாளே கல்யாணம் செய்துகொண்டாலும் ஒரு ரூபாய் திருப்பித் தர வேண்டியதில்லை, மாதாமாதம் வாங்குகிறவள் மட்டும் கடைசிவரை தனியாக இருக்க வேண்டுமாம். மறைத்துவிட்டு வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், வாங்கியதைத் திரும்பப் பிடிப்பார்கள். அதற்காகப் பார்த்திருக்கும் வரனைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

கேள்வி: ராத்திரி ஷிஃப்டுக்கு பைக்கில் போகும் வழியில் என் அண்ணன் பள்ளத்தில் விழுந்து இறந்தார். மில் வாசலுக்குள் நடந்தால்தான் இழப்பீடு என்கிறார்களே? பிரேதப் பரிசோதனையில் குடித்திருந்ததாக வேறு வந்திருக்கிறது.
– வாசகர், பெருந்துறை

பதில்: இரண்டு பயம், இரண்டுக்கும் பதில் உண்டு. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் அதிகாலை வேலைக்கு பைக்கில் போகும்போது ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிய சட்டத் தொகுப்பில் இதை நேராகவே எழுதிவிட்டார்கள். ஷிஃப்ட் அட்டவணை, எஃப்.ஐ.ஆரில் உள்ள நேரம், அது வழக்கமாகப் போகும் பாதைதான் என்பதற்கு ஒரு சாட்சி, இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடிபோதை என்ற சாக்கு காயத்துக்கு உதவும், சாவுக்கு உதவாது. மரணத்திலும் முழுமையான நிரந்தர ஊனத்திலும் அதைக் காரணம் காட்டி முதலாளி தப்ப முடியாது என்று மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அண்ணன் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், வேறெங்கோ போய்வரக் கிளம்பியவர் இல்லை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும், போதை அறிக்கையை வைத்து எதிர்த்தரப்பு அங்கேதான் குடைவார்கள். இறந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. இரண்டு வருடம் தாண்டியிருந்தால், தாமதத்துக்கான காரணத்தைத் தனி மனுவாக எழுதி முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள்.